அப்பா மீன் பிடிக்காத ஞாயிறுகள்

18 அக்டோபர் 2009, ஞாயிறு

மழை விடவில்லை. பரானா ஆறு ஏறிக்கொண்டே இருக்கிறது. படகுத்துறையின் கடைசிப் படியை இன்று காலையில் காணோம். ஞாயிறென்றாலும் மதியம் வரை கடையைத் திறந்து வைத்தேன். கலங்கல் தண்ணீரில் பெரிய கெளுத்தி கடிக்கும் என்று நான்கைந்து பேர் வந்தார்கள். தடித்த தங்கூசி நரம்பு, கனமான ஈயக்குண்டு, உயிர் இரை. வேறெதுவும் போகவில்லை.

அடுத்த மாதம் கடைக்கு அறுபது வயது. உள்ளூர் வானொலியில் நெஸ்தோர் பேட்டி எடுக்கப்போகிறான். "கடையோட கதையை ஒரு பக்கத்துக்கு எழுதித் தாங்க, ஒஃபேலியா. சிரிக்கிற மாதிரி இருந்தா இன்னும் நல்லது" என்றான்.

உட்கார்ந்து எழுதினேன். அப்பா செவெரீனோ பொனேத்தோ துறைமுகத்தில் கோதுமை மூட்டை தூக்கினவர். பாரம் இறக்கும் சங்கிலியில் இடது கை விரல்கள் போயின, வேலையும் போனது. வீட்டு முன்னறை ஜன்னலைத் திறந்து வைத்து தூண்டில் முள்ளும் மெழுகு போட்ட பருத்திக் கயிறும் விற்க ஆரம்பித்தார். அம்மா அமாலியா சமையலறையில் ஈயம் உருக்கிக் குண்டு வார்த்தாள். அந்தப் பாத்திரத்தில் அதற்குப் பிறகு யாரும் சூப் வைக்கவில்லை. பிறகு நைலான் வந்தது. "இது கண்ணுக்கே தெரியலையே, செவெரீனோ ஐயா, எப்படி முடிச்சுப் போடறது?" என்று கேட்டவரிடம், "மீனுக்கும் தெரியாது, அதுக்குத்தான் உன்கிட்ட விக்கிறேன்" என்றாராம் அப்பா. ஜன்னல் கதவானது. முன்னறை கடையானது. அடுத்த அறையும் கடைக்குள் போனது.

ஊர் முழுக்கத் தெரிந்த கேலியையும் சேர்த்தேன்: ஆற்றங்கரையிலேயே நல்ல தூண்டில் கடை, ஆற்றங்கரையிலேயே மோசமான தூண்டில்காரர். ஞாயிறு தவறாமல் அப்பா படகெடுத்துத் தீவுப் பக்கம் போவார். கடையிலேயே உயர்ந்த கழி, உயர்ந்த ரீல். சாயங்காலம் காலி வாளியோடு திரும்புவார். "மீனெல்லாம் உங்க வாடிக்கை போல, அதான் விட்டுட்டு வந்துட்டீங்க" என்பார்கள். அப்பாவும் சிரிப்பார். சாவதற்கு முந்தின மாதம் வரை அப்படித்தான் போய்வந்தார்.

படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்திருக்கிறது. அண்ணனைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

22 அக்டோபர்

கடைக் கதவின் மணி அடித்தது. போய்ப் பார்த்தால் யாருமில்லை. காற்றாக இருக்கும்.

27 அக்டோபர்

ரொசாரியோவிலிருந்து மகள் நொயேமி போனில் பேசினாள். "அம்மா, தாரியோ மாமாவப் பத்தி நெஸ்தோர் கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"கேக்க மாட்டான்."

"கேட்டா?"

கேட்டால்? ராணுவ ஆட்சி நடந்த எழுபத்தேழில் அண்ணன் ரொசாரியோவில் படித்துக்கொண்டிருந்தான், நம்பர் பலகை இல்லாத காரில் வந்தவர்கள் அவனை அறையிலிருந்து கூட்டிப் போனார்கள் என்று சொல்வேனா? அப்பாவும் அம்மாவும் ராணுவ முகாம், காவல் நிலையம், தேவாலயம் என்று தட்டாத கதவில்லை. எல்லாக் கதவிலும் "அப்படி ஒருத்தர் இங்க இல்ல" என்ற ஒரே பதில்தான் என்று சொல்வேனா? அம்மா கண்மூடும் வரை தினமும் சாயங்காலம் ரொசாரியோ பேருந்து வரும் நேரத்துக்கு நிலையத்தில் போய் நின்றாள். எலும்புகளோடு ஒத்துப்பார்க்க உறவினரின் ரத்தம் கேட்டு வந்த ஆட்களை வாசலோடு அனுப்பினாள். "செத்தவங்களுக்குத்தான் ரத்தம் கேப்பாங்க. எம்பையன் சாகல."

அம்மா போன பிறகும் நான் கொடுக்கவில்லை. கொடுத்தால் அவள் கோபித்துக்கொள்வாள் என்றே இன்னமும் தோன்றுகிறது.

3 நவம்பர்

எழுதிவிட வேண்டும்.

மதியத்துக்கு மேல் சிரீலோ சித்தப்பா வந்தார். அப்பாவின் சிநேகிதர், தீவில் தேன்கூடு வளர்த்துக்கொண்டு தனியாக இருப்பவர். எனக்குப் பேத்தி எடுக்கும் வயதாகிவிட்டாலும் அவருக்கு நான் இன்னும் பாப்பாதான். இரைத் தொட்டிக்குப் பக்கத்தில், சொட்டச் சொட்ட, வந்திருந்தவர்கள் போகும் வரை நின்றார்.

"பாப்பா, கதவைச் சாத்து."

"முள்ளு வாங்க வந்தீங்களா, மழைக்கு ஒதுங்க வந்தீங்களா?"

"சாத்துன்னு சொல்றேன்ல."

சாத்தினேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"தீவுக் கரை இடிஞ்சு விழுது. மரத்துக்குக் கிட்ட வந்திருச்சு. இப்படியே தண்ணி ஏறினா ஆறு கொண்டுபோயிரும்."

"எதக் கொண்டுபோயிரும்?"

"உங்கப்பா புதைச்ச ஆள."

"தாரியோவா?"

"இல்ல பாப்பா, இல்ல." உடனே தலையை ஆட்டினார். "பொண்ணு. சின்னப் பொண்ணு."

அந்த ஒரு நொடி. அவர் 'இல்ல' என்று சொல்வதற்கு முந்தின அந்த நொடியில் நான் சந்தோஷப்பட்டேன். அண்ணன் மண்ணுக்குள் இருக்கிறான் என்று சந்தோஷம்! என்ன மனசு இது.

தாரியோவைக் கொண்டுபோன மறு வருடம், ஆறு வற்றிக் கிடந்த சமயம், நாணலுக்குள் சிக்கிக் கிடந்தாளாம். கைகள் பின்னால் கம்பியால் கட்டியிருந்தன. "சீருடைக்காரங்ககிட்ட போனா அந்தப் பொண்ணும் காணாமப் போயிரும், நானும் காணாமப் போயிருவேன். உங்கப்பாதான் ஆத்துல போறவன் வர்றவனையெல்லாம் நிறுத்தி 'எதாச்சும் பாத்தியா'ன்னு கேட்டுக்கிட்டிருந்தாரு. அதான் கடைக்கு வந்தேன்."

அப்பா கடையைப் பூட்டிவிட்டு அவர் படகில் ஏறிப் போயிருக்கிறார். "படகு நிக்கறதுக்குள்ள தண்ணில குதிச்சிட்டாரு. தன் புள்ளைன்னு நெனச்சாரு. முகத்தப் பாத்துட்டு அப்படியே சேத்துல உக்காந்துட்டாரு. எம்புட்டு நேரமோ. அப்புறமா எந்திரிச்சு, மம்பட்டி எங்கன்னு கேட்டாரு."

அப்பா கடையிலிருந்து எடுத்துப் போயிருந்த குறட்டால் கம்பியை வெட்டினார்களாம். பாய்மரத் துணியில் சுற்றி, தீவின் மேட்டில் ஒரு மரத்தடியில் புதைத்தார்களாம்.

"அப்போ ஞாயித்துக்கிழமை…"

"அங்கதான் வருவாரு. தூண்டில படகுலயே போட்டுட்டு மேல ஏறிப் போவாரு."

4 நவம்பர்

கடை திறக்கவில்லை.

6 நவம்பர்

யாரோ ஒரு பொண்ணு! பேர் தெரியாது, ஊர் தெரியாது. அவளுக்கு ஞாயித்துக்கிழமை முழுக்கக் குடுத்தீங்களே அப்பா, வீட்ல அம்மா தனியா உக்காந்து ஜன்னலப் பாத்துக்கிட்டிருந்தாளே, அது தெரியலையா? அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? என்கிட்ட? நான் உங்க பக்கத்துலயே நின்னு முள்ளு எண்ணிக்கிட்டிருந்தேனே!

இன்று மூன்று முறை யாரோ கூப்பிட்டது போல் திரும்பிப் பார்த்தேன். ரீல் அடுக்குக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடியில் என் முகம். அவளுக்கு அப்போது என் வயதிருக்கும் என்றார் சித்தப்பா. அப்படியானால் இப்போது அவளுக்கும் முடி நரைத்திருக்கும். மூக்குக்கண்ணாடி போட்டிருப்பாள். கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கப் பயமாக இருந்தது. அங்கே என்னைத் தவிர யாருமில்லை என்று தெரிந்துதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

8 நவம்பர், ஞாயிறு

போனேன். மழை ஓய்ந்திருந்தது. ஆறு பழுப்பு நிறத்தில் மரக்கிளைகளையும் செத்த ஆட்டையும் இழுத்துக்கொண்டு போகிறது.

மேட்டில் சிலுவை இல்லை, கல் இல்லை. புல்லை வெட்டித் தரையைச் சுத்தமாக வைத்திருக்கிறார் சித்தப்பா, அவ்வளவுதான். பக்கத்தில் சாய்ந்து உட்காரும் வாகில் ஒரு அடிமரம். உட்கார்ந்து உட்கார்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. அதற்கு இரண்டு எட்டுக்கு அந்தப்புறம் கரை பிய்ந்து நிற்கிறது. நாங்கள் நின்றிருக்கும்போதே ஒரு மண்கட்டி ஆற்றில் சரிந்து விழுந்தது.

மண்ணுக்குள் கிடப்பவள் மேல் கோபப்படத்தான் வந்தேன் போலிருக்கிறது. முடியவில்லை. சித்தப்பா மேல் பாய்ந்தேன்.

"அம்மாகிட்ட ஏன் சொல்லல? நீங்களாவது சொல்லியிருக்கலாமே!"

"நானும் கேட்டேன் பாப்பா. ஒரு தரம் இல்ல, பல தரம். 'சிரீலோ, ஒரு பொண்ணு ஆத்துல வந்தான்னு சொன்னா, பசங்களையெல்லாம் எங்க கொண்டுபோயி போட்டாங்கன்னு அமாலியாவுக்குத் தெரிஞ்சிரும். அவ பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க்கிட்டு இருக்கட்டும்'னாரு."

சித்தப்பா அடிமரத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இன்னொண்ணும் சொன்னாரு. 'நான் இங்க ஒக்காந்திருந்தா, எங்கயோ ஒருத்தன் என் புள்ள பக்கத்துல ஒக்காந்திருப்பான்.' கணக்கு சரியா வருமான்னு என்னையக் கேட்டாரு."

அப்பா அம்மாவிடமிருந்து எதை மறைத்தார் என்று இப்போதுதான் புரிகிறது. அவளுக்குத் தெரிய வேண்டாம் என்பதற்காக, தாரியோ திரும்ப மாட்டான் என்பதை அவர் மட்டும் தனியாகச் சுமந்திருக்கிறார். அடிமரத்தில் உட்கார்ந்தேன். எழுந்திருக்க மனம் வரவில்லை.

10 நவம்பர்

நொயேமி பேருந்து பிடித்து வந்தாள். மூவருமாக, நடந்ததைச் சொல்ல மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனோம். சித்தப்பா அவருடைய ஒரே நல்ல கோட்டைப் போட்டு வந்திருந்தார். "என்னையப் புடிச்சு உள்ள போடுவாங்களா?" என்று வழி முழுக்கக் கேட்டார். போடவில்லை. குறிப்பெடுத்த பெண்ணுக்கு நொயேமி வயதுதான் இருக்கும். பாதியில் எழுதுவதை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். எலும்புகளை ஆராயும் குழு தலைநகரிலிருந்து வரும் என்றார்கள். எப்போது? "சீக்கிரம்." ஆற்றுக்கு அந்த வார்த்தை தெரியுமா?

13 நவம்பர்

ரோல்தான் வந்தார். அந்தக் காலத்தில் சீருடை போட்டிருந்தவர். ஓய்வுபெற்ற பிறகு வாராவாரம் முள் வாங்குபவர். அப்பாவோடு இதே மேசையில் மாத்தே இலைத் தேநீர் குடித்தவர்.

"என்ன ஒஃபேலியா, தீவுல என்னமோ தோண்டப் போறாங்களாமே?"

"ஆமா."

"உங்கப்பா விவரமான ஆளு. வாயத் திறக்கல. அதனாலதான் கடை நின்னுச்சு, நீங்க நின்னீங்க." ஒரு பொட்டலம் முள்ளை எடுத்துப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆறே கொண்டுபோகட்டும்னு விட்டுரலாம்ல?"

எங்கிருந்து வந்தது அந்தக் குரல் எனக்கு? "அத கீழ வைங்க."

"என்னது?"

"முள்ள. கீழ வைங்க. உங்களுக்கு இங்க வியாபாரம் இல்ல."

சிரித்தார். சிரித்துக்கொண்டே வைத்தார். போகும்போது கதவை மெதுவாகத்தான் சாத்தினார். இவருக்குத் தெரியுமா? அன்றைக்கே தெரியுமா? அப்பா வாராவாரம் மாத்தே ஊற்றிக் கொடுத்தாரே, எப்படிக் கொடுத்தார்?

21 நவம்பர்

பேட்டி. எழுதிக் கொடுத்த பக்கத்தைப் பார்த்து நெஸ்தோர் கேட்டுக்கொண்டே வந்தான். விரல்கள், ஈயம், நைலான். நானும் சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியில் சிரித்தபடி, "அது எப்படிங்க, அவ்வளவு நல்ல தூண்டில் வெச்சுக்கிட்டு ஒரு மீன் கூட மாட்டல?" என்றான்.

"அவர் மீன் பிடிக்கப் போகல" என்றேன்.

பிறகு சொன்னேன். எல்லாவற்றையும். தாரியோவின் பெயரையும். நெஸ்தோர் ஒரு பாட்டைப் போட்டு நிறுத்தியிருக்கலாம், போடவில்லை.

வெளியே வந்தபோது ரொட்டிக் கடைக்காரி பாதி மாவுக் கையோடு தெருவில் நின்றிருந்தாள். ஒன்றும் பேசாமல் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். என் கோட்டு முழுக்க மாவு. எதிர்ப்பக்கம் இரண்டு பேர் என்னைக் கண்டதும் தெருவைக் கடந்து போனார்கள்.

2 டிசம்பர்

தோண்டினார்கள்.

நான் நினைத்துப் பயந்த மாதிரி இல்லை. நான்கு பேர், மண்டியிட்டு, தூரிகையும் சிறு கரண்டியுமாக. எழுத்தைத் துடைப்பது போல மண்ணைத் துடைத்தார்கள். கீழே ஆறு கரையைத் தின்னும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. குழுவின் தலைவி இளம் பெண், நடுவில் நிமிர்ந்து, "துணி நல்லா சுத்தியிருக்காங்க. அதனாலதான் இவ்வளவாச்சும் மிஞ்சியிருக்கு" என்றாள். சித்தப்பா மரத்துக்குப் பின்னால் போய் அழுதார்.

சாயங்காலம் அந்தப் பெண் என்னிடம் வந்தாள். "உங்க அண்ணனுக்காக நீங்க ரத்தம் குடுத்திருக்கீங்களா?"

"எங்கம்மாவுக்குப் பிடிக்காது" என்றேன், அம்மா வீட்டில் இருப்பதைப் போல.

அவள் வற்புறுத்தவில்லை.

20 டிசம்பர்

மரம் விழுந்துவிட்டதாம். மேடு இல்லை. சித்தப்பா தேன்பெட்டிகளோடு ஊருக்குள் வந்துவிட்டார். எங்கள் பின்கட்டில் தங்கியிருக்கிறார். கடைக்குள்ளும் தண்ணீர். ரீல்களை மேல் அடுக்குக்கு ஏற்றினோம். முழங்கால் தண்ணீரில் நின்றபோது யாரோ பக்கத்தில் நின்று தூக்கிக் கொடுப்பது போலவே இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

9 பிப்ரவரி 2010

தண்ணீர் வடிந்தது. சுவரில் கோடு. சேற்று நாற்றம் போகவில்லை.

11 மே

போன் வந்தது. அவளுக்குப் பெயர் கிடைத்துவிட்டது.

பெயாத்ரீஸ். சாந்தா ஃபே நகரத்துக்காரி. மழலையர் பள்ளி ஆசிரியை.

கடையில் யாருமில்லை. சத்தமாக ஒரு முறை சொல்லிப் பார்த்தேன்.

30 மே, ஞாயிறு

அவளுடைய அக்கா எல்சா வந்தாள். குட்டையான, வேகமாகப் பேசுகிற பெண்மணி. கைப்பையில் படம் வைத்திருந்தாள்: குட்டைப் பாவாடை, பல் தெரியச் சிரிப்பு, மடியில் ஒரு நாய். நான் கண்ணாடியில் கற்பனை செய்த முகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வெட்கமாக இருந்தது.

படகில் போனோம். தீவின் அந்த மூலையே இல்லை. சித்தப்பா படகை நிறுத்திவிட்டு, "அங்க" என்று தண்ணீரைக் காட்டினார். எல்சா படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"எங்கம்மா கடைசி வரைக்கும் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுக்கிட்டிருந்தா. 'அவ தனியாவா இருக்கா?'ன்னு." பிறகு சித்தப்பாவிடம் திரும்பினாள். "அவரு அங்க உக்காந்து என்ன பண்ணுவாரு? ஜெபமா?"

"ஜெபமா? அவரா?" சித்தப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பேசுவாரு. ஆறு எவ்வளவு ஏறியிருக்கு, வீட்டம்மாவுக்கு முட்டி வலி, பாப்பாவுக்குக் குழந்தை பொறந்திருக்கு, எல்லாம். சீன ரீல் வந்து யாவாரத்தக் கெடுக்குதுன்னு ஒரு வருஷம் பூராவும் அந்தப் பொண்ணுகிட்ட பொலம்புனாரு. 'மகளே, நீயே சொல்லு, இதெல்லாம் ஒரு ரீலா?'ன்னு கேப்பாரு."

"ஐயோ!" எல்சாவும் சிரித்துவிட்டாள். "அவளுக்கு மீன் வாசனையே ஆகாதுங்க! வீட்ல மீன் வறுத்தா வெளிய ஓடிருவா!"

மூன்று பேரும் நடு ஆற்றில் சிரித்தோம். அது எப்போது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை.

மதியம் வீட்டில் எம்பனாதா சாப்பிட்டோம், மாவுக்குள் மீனை வைக்காமல் இறைச்சிதான் வைத்திருந்தேன். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் ரத்தம் குடுத்து எத்தனையோ வருஷம் ஆச்சு. குடுத்துட்டு வந்து அம்மாகிட்ட பொய் சொன்னேன், சளிக்கு ஊசி போட்டேன்னு. நீங்களும் குடுங்க. உங்கம்மா கேட்டா என் பேரச் சொல்லுங்க."

14 ஜூன்

கொடுத்தேன். ஊசி வலிக்கவில்லை. வெளியே வந்து நிலையத்தில் பேருந்துக்காக நின்றபோதுதான் அழுகை வந்தது. பக்கத்தில் நின்ற பெண் கைக்குட்டை கொடுத்தாள்.

3 செப்டம்பர்

இதுவரை கிடைத்த எதனோடும் என் ரத்தம் பொருந்தவில்லை என்று சொன்னார்கள். தொடர்ந்து பார்ப்பார்களாம்.

அண்ணா, எங்கடா இருக்க?

12 செப்டம்பர், ஞாயிறு

குளிர் விட்டுவிட்டது. காலையிலிருந்தே கூட்டம். சித்தப்பா மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லோருக்கும் தப்புத் தப்பாக இரை யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவர் கூட கேட்கவில்லை.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஓர் ஆள் வந்தார். இந்தப் பக்கத்து ஆளில்லை. நாற்பதைத் தாண்டிய வயது, படகு எண்ணெய்க் கறை படிந்த கை. தக்கைகளைப் பார்த்தார். ரீல்களைப் பார்த்தார். எதையும் தொடவில்லை. கடைசி ஆள் போகட்டும் என்று காத்திருக்கிறார் என்பது புரிந்ததும் மற்றவர்களுக்கு வேகவேகமாகப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன்.

"நீங்கதானே அந்த ரேடியோவுல பேசினது?"

"ஆமா."

"நான் கீழ்த் தீவுக்காரன். எங்கப்பா போன மாசம் தவறிட்டாரு." கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "சாகறதுக்கு முன்னாடி ஒரு இடத்தக் காட்டினாரு. எங்க தோட்டத்துக்குப் பின்னால. ரெண்டு பேரு. யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல. சம்சாரந்தான் சொன்னா, அந்தத் தூண்டில் கடைக்குப் போங்கன்னு."

ஆண்களா பெண்களா என்று நான் கேட்கவில்லை. கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். முதலில் அவர் உட்காரட்டும். சித்தப்பா எழுந்து தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார்.

நான் போய்க் கடைக் கதவைச் சாத்தினேன். அடுப்பில் மாத்தேவுக்குத் தண்ணீர் வைத்தேன்.

"சொல்லுங்க" என்றேன்.